நான் ரிட்டன் வால்வு

தண்ணீரை வரவழைக்கிற பிளம்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வந்த தண்ணீரை நிறுத்துகிற வழியை, வீட்டுக்காரனுக்கே தெரியாமல் ஒளித்து வைக்கிற பிளம்பர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கோட்டையூர்க்காரர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தெரியாது. ‘கன்சீல்டு’ என்றால்தான் தெரியும். குழாயையும் வால்வையும் சுவருக்குள் மறைத்துப் பதிப்பதை அந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மன் கோயில் அன்னதானப் பலகையில்கூட ‘திரு. கன்சீல்டு குடும்பத்தார்’ என்றுதான் எழுதியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒல்லியான ஆள். இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி, குழாய் மூட்டில் சுற்றுகிற டெஃப்லான் டேப் சுருள் ஒன்று எப்போதும் கிடக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் அதைக் கழற்ற மாட்டார். பழைய மொபெட்டில் பத்தடி பைப்பைக் கட்டிக்கொண்டு அவர் திரும்புகிற திருப்பத்தில், பேருந்தே நின்று வழிவிடும்.

குழாய் ஒழுகினால் வாஷர் தேய்ந்துவிட்டது என்று நீங்களும் நானும் நினைப்போம். கன்சீல்டைப் பொறுத்தவரை காரணம் ஒன்றே ஒன்றுதான், கண் திருஷ்டி.

“ஒரு வால்வ போறவன் வாரவன்லாம் உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா அது என்னத்துக்கு ஆகும், சொல்லுங்க. நம்மள நாலு பேரு பாத்தாலே ஒடம்பு கூசுதுல்ல? அதுக்கும் கூசும் சார். கூசுச்சுன்னா லீக்கு.”

நேமத்தான்பட்டியில் ஒரு வீட்டில், மெயின் வால்வை இறந்துபோன மாமனாரின் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். படத்துக்கு மாலை போட்டு, சீரியல் பல்பும் போட்டிருந்தார்கள். அந்த வீட்டுக் குளியலறையில் குழாய் உடைந்தால் மருமகள் அலறுவாள்: “ஏங்க, வெரசா மாமாவ எறக்குங்க, தண்ணி நிக்க மாட்டேங்குது!” விருந்துக்கு வந்திருந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமலே செருப்பை மாட்டியிருக்கிறார்.

காரைக்குடியில் இன்னொரு வீடு. பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று குழாய் பிய்த்துக்கொண்டது. வால்வு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கன்சீல்டு ஊரில் இல்லை. தொட்டித் தண்ணீர் தீர்கிற வரையில் குடும்பம் முழுக்க முறை வைத்துக் குளித்தது. கடைசியில் மாப்பிள்ளை வீட்டாரையும் குளிக்கச் சொல்லிவிட்டார்கள். சம்பந்தம் அமைந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

இந்தக் கதைகளையெல்லாம் கேட்டு நானும் வயிறு வலிக்கச் சிரித்தவன்தான். அவர் எங்கள் இடத்துக்கு வேலைக்கு வரும்வரை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோட்டையூரில் பெரிய செட்டிநாட்டு வீடு ஒன்றை, வெளியூர் விருந்தாளிகள் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். நான் அதற்கு மேனேஜர். பயம் எனக்குப் பிறவிக் குணம். கரண்டுக்குப் பயம், பல்லிக்குப் பயம், தண்ணீருக்குப் பயம். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஈடாகாத பயம், வீட்டுக்கு உரிமைக்காரரான ஆச்சிக்கு. ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் செட்டியார் வீட்டுப் பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட இளையவர். சென்னையிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவார். குரலை உயர்த்தவே மாட்டார். “மேனேஜர்” என்று மெல்ல ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

அந்த ஆச்சி ஒருநாள் வந்து சொன்னார்:

“பின்னாடி தோட்டத்துல நீச்சல் குளம் கட்டப்போறோம் மேனேஜர். குளத்துச் சுவத்துல கல்லுல ஒரு யானைத் தல. அது தும்பிக்கைலருந்து தண்ணி அருவியாட்டம் விழணும். ஒரு குழா, ஒரு திருகு கண்ணுல படக்கூடாது. பாக்குறவுகளுக்கு யானையும் தண்ணியும்தான் தெரியணும்.”

கேட்டுக்கொண்டிருந்த கன்சீல்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை வரம் கேட்டவனுக்கு இரட்டைப் பிள்ளை கிடைத்த மாதிரி இருந்தது. எனக்கோ அப்போதே கவலை பிடித்துக்கொண்டது. ஏனென்றால், குளம் வரப்போகிற இடத்துக்கு நேர் எதிரேதான் சாமான் அறை. ஆச்சிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீர் முழுக்க அதில்தான் இருக்கிறது. தேக்குப் பெட்டிகள், பட்டு, ஊசி மாதிரி மெல்லிய கோரையில் நெய்த பாய்கள். தண்ணீர் அந்த நிலைப்படியைத் தாண்டினால் என் வேலை போய்விடும். வேலை போவதுகூடப் பிறகு, முதலில் “மேனேஜர்” என்று ஒரு குரல் வருமே, அதை நினைத்தாலே நடுங்கியது.

மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் முறையாகத்தான் சொன்னார். “வால்வு எல்லாத்தையும் பம்புக்குப் பக்கத்துல ஒரே எடத்துல வச்சிருங்க. சின்னதா ஒரு தொட்டி கட்டி மூடி போட்டுட்டா முடிஞ்சுது.”

கன்சீல்டு தலையை ஆட்டினார். “மூடி போட்டா மூடி தெரியும்ல?”

“தெரிஞ்சா என்ன? அவசரத்துக்குத் தெரியணும்ல?”

“அவசரம் வரும்னு நெனச்சுக்கிட்டே வேல பாத்தா வந்துரும் சார். நல்லதா ஏதாச்சும் பேசுங்க.”

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் ஆச்சியைப் பார்த்தேன். ஆச்சி, “கண்ணுல படாம இருந்தாச் சரி” என்றார். இன்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

முக்கியமான வால்வுகள் இரண்டு. யானைக்குப் போகிற தண்ணீரை அடைக்க ஒன்று. மேல்நிலைத் தொட்டியிலிருந்து குளத்துக்கு இறங்குகிற தண்ணீரை அடைக்க இன்னொன்று. இரண்டையும் பதிக்கிற அன்று, கன்சீல்டு தோட்டம் முழுக்கத் தார்ப்பாய் கட்டினார். கொத்தனாரை டீ குடிக்க அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், செத்த அங்குட்டுத் திரும்பி நில்லுங்க.”

“அண்ணே, நான் மேனேஜர்ணே!”

“யாரா இருந்தாலும் கண்ணு கண்ணுதான் சார். கோவிச்சுக்கிறாதீக.”

ஸ்கூலில் கணக்குத் தப்பாகப் போட்டபோது நின்றதற்குப் பிறகு, அன்றைக்குத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் ரம்பம் அறுத்தது, சிமென்ட் குழைத்தது. வேலை முடிந்து திரும்பிப் பார்த்தால் தோட்டம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. தரையில் பாவிய ஆத்தங்குடிக் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

“எங்கண்ணே வச்சீக?”

“இங்குட்டுத்தான் சார்.”

“இங்குட்டுன்னா?”

“அங்குட்டு இல்ல.”

இதற்குமேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து பெயரவில்லை.

முதல் ஓட்டம். ஆச்சி புதுக் கண்டாங்கிச் சேலையில் வந்து பம்புக்குப் பக்கத்தில் நின்றார். சாமியைக் கும்பிட்டு சுவிட்சைப் போட்டேன். பம்பு உறுமியது. யானை வாய் திறக்கவில்லை. உறுமல் முனகலாயிற்று. பைப்பு நடுங்கியது. பைப்பு நடுங்குவதைப் பார்த்து நானும் நடுங்கினேன். அடுத்த கணம் படாரென்று ஒரு மூட்டு கழன்று, தண்ணீர் நேராக ஆச்சியின் மேல் பீய்ச்சியடித்தது. சுவிட்சை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“மேனேஜர்” என்றார் ஆச்சி, மெல்ல.

விஷயம் இதுதான். போன தண்ணீர் திரும்பிப் பம்புக்கு வராமல் தடுக்க ஒரு வால்வு மாட்டுவார்கள். எத்தனையோ போர்வெல்லுக்கு அதைச் சரியாக மாட்டிய மனிதர்தான் கன்சீல்டு. ஆனால் அவருக்கு அதன் பெயர் ‘என்ஆர்வி’. இந்த முறை கடைக்காரர் அட்டைப் பெட்டியின் மேல் அழகான தமிழில் ‘நான் ரிட்டன் வால்வு’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் படித்த கன்சீல்டு, இது வேறு ஏதோ புதுச் சரக்கு என்று நினைத்துவிட்டார்.

“அருவித் தண்ணி விழுந்து மறுபடியும் பம்புக்கே வருதுல்ல சார்? அதுக்குன்னு புதுசா கண்டுபிடிச்சிருக்கான்னு நெனச்சேன். அதுவே சொல்லுதுல, நான் ரிட்டன்னு. நான் திரும்பி வருவேன்னு. அதான் அம்புக்குறிய ரிட்டன் பாத்து மாட்டுனேன்.”

“அண்ணே, அது நம்ம ‘நான்’ இல்லண்ணே. இங்கிலீஷ் ‘நான்’. போனா திரும்பி வராதுன்னு அர்த்தம்.”

கன்சீல்டு அட்டைப் பெட்டியை எடுத்து மறுபடியும் படித்தார்.

“ஒரே எழுத்து, ஒரே சத்தம். அதெப்படி சார் இங்கிலீஷ்ல மட்டும் வர மாட்டேங்குது?”

ஆச்சி ஈரச் சேலையோடு நின்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

வால்வைத் திருப்பி மாட்டியதும் யானை பொழிந்தது பாருங்கள், அப்படியொரு அழகு! எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று ஒன்றும் தெரியாது. வெள்ளைக்காரர்கள் யானையைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்ப்பார்கள். கன்சீல்டு வேலிக்கு அந்தப் பக்கம் மொபெட்டை நிறுத்திவிட்டு, அவர்கள் ஏமாந்து நிற்பதைப் பார்த்து ரசிப்பார். தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் போன் செய்வேன். வருவார், “அங்குட்டுத் திரும்புங்க” என்பார், திரும்புவேன். ஒரு திருகு. “ஆச்சு சார்” என்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு பங்குனி மாதப் பகல் வரை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரைத் தானாக நிறுத்த வேண்டிய மிதவை, அன்றைக்கு மாட்டிக்கொண்டது. குளம் நிரம்பி வழிந்தது. மோட்டாரை நிறுத்தினேன், பிரயோசனமில்லை. மேலே தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறதே, அது தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. குளத்தோரம் மேடு. வழிந்ததெல்லாம் சாமான் அறையைப் பார்த்து ஓடியது.

கன்சீல்டுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பூந்தொட்டிகளைப் புரட்டினேன். கல்லையெல்லாம் குனிந்து தட்டித் தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. யானையின் காதுக்குள் கையை விட்டேன், பல்லி இருந்தது. சமையல்காரம்மா போர்வைகளைக் கொண்டுவந்து நிலைப்படியில் அணை கட்டினார். அந்த அணையும் நனைந்துகொண்டே வந்தது. ஆச்சியிடம் என்ன சொல்வது என்று வாய்விட்டே ஒத்திகை பார்த்தேன்.

யாரோ போய்ச் சொல்லி, பங்குனித் திருவிழாப் பந்தலிலிருந்து கன்சீல்டு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு ஆடி அசைந்து நடந்து வந்தார்.

“அண்ணே, ஓடி வாங்கண்ணே! தண்ணி படிக்கு வந்துருச்சு!”

“வந்தேன்ல சார். அங்குட்டுத் திரும்புங்க.”

“இப்பவுமாண்ணே?”

“இப்பத்தான் சார் முக்கியம். பயந்த கண்ணு ரொம்பப் பொல்லாதது.”

திரும்பினேன். ஒரு திருகு. தண்ணீர் நின்றது. நிலைப்படியைத் தாண்டவில்லை. நான் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. மொபெட்டில் வந்த மனிதருக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று பார்த்தபோதுதான், என் மண்டையில் அந்தக் கேள்வி ஏறியது. இந்த மனிதருக்கு ஒன்று ஆகிவிட்டால்?

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கன்சீல்டு உயிரோடு இருக்கிறவரைதான் சாமான் அறை பத்திரம், சாமான் அறை பத்திரமாக இருக்கிறவரைதான் நான். ஆகவே அவருடைய ஆயுளை நானே கையில் எடுத்துக்கொண்டேன். ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். பரோட்டாக் கடை வாசலில் அவர் மொபெட்டைப் பார்த்தால் உள்ளே போய் இலையை மடக்கினேன். “படியேறாதீக, வெயில்ல நிக்காதீக, அந்த வீட்டு ஓட்டு மேல ஏறாதீக” என்று அவர் பின்னாலேயே திரிந்தேன்.

தினமும் காலையில் எழுந்ததும் போன்.

“இருக்கீகளா?”

“இருக்கேன் சார்.”

“சரி.” வைத்துவிடுவேன்.

“கல்யாணமான நாள்லருந்து என்கிட்ட ஒருநாளாச்சும் இப்படிக் கேட்டிருப்பீகளா?” என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு வால்வு இருக்கிற இடம் தெரியாதே, நான் என்ன செய்ய?

ஒருநாள் காலை போனைக் கன்சீல்டின் மனைவி எடுத்தார்.

“இருக்காகளா?” என்றேன்.

“சார், வால்வு லீக்காம் சார்.” குரல் கம்மியிருந்தது. “ரொம்ப நாளாவே லீக்கு இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியல. மாத்தியாகணும்ங்கிறாக.”

எனக்குப் பகீரென்றது. “எந்த வால்வும்மா? அருவியா, தொட்டியா?”

“அதெல்லாம் வெளங்கல சார். எடது பக்கத்து வால்வுன்னாக.”

போனோடு தோட்டத்துக்கு ஓடினேன். “எடது பக்கம்னா? பம்புக்கு எடது பக்கமா?”

“ஆமா சார், பம்பு பண்றது ரொம்பக் கொறஞ்சு போச்சுன்னாக.”

“பம்பு நல்லாத்தானம்மா ஓடுது! யாரு பாத்துச் சொன்னது?”

“மதுரைல பெரிய டாக்டரு.”

“டாக்டர் எதுக்கும்மா வால்வப் பாக்குறாரு?”

அந்தப் பக்கம் ஒரு விசும்பல். “நெஞ்சுல இருக்க வால்வு சார்.”

குளத்தங்கரையில் உட்கார்ந்தேன். செருப்போடு காலைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறேன், அதுகூடத் தெரியவில்லை. யானை எனக்கு எதிரே பொழிந்துகொண்டே இருந்தது. சாமான் அறையின் ஞாபகம் எனக்கு அப்போது வரவே இல்லை. இதைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது மணிக்கட்டுதான். டேப் சுருளைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிப் பட்டை கட்டியிருந்தார்கள். அது இல்லாமல் அவர் யாரோ மாதிரி இருந்தார்.

“பாத்தீகளா சார், நான் சொன்னா நம்புனீகளா?” என்றார். “இத்தன வருசமா கன்சீல்டாத்தான் கெடந்துச்சு. நெஞ்ச எக்கோ எடுக்கிறேன்னு டிவி பொட்டில பெருசாப் போட்டு, நாலு டாக்டரு நின்னு உத்துப் பாத்தாக. லீக்காயிருச்சு.”

சிரிக்க முயன்றேன், வரவில்லை.

“டாக்டருகிட்ட வெவரமாக் கேட்டேன் சார். போன ரத்தம் திரும்பி வராம இருக்கத்தான் அந்த வால்வாம். அட, நம்ம என்ஆர்விதான்! எனக்குத் திரும்பி வருதாம். புதுசு மாட்டும்போது அம்புக்குறியப் பாத்து மாட்டுங்க, நான் ஒருதடவ ஏமாந்தவன்னு சொல்லிவச்சிருக்கேன்.”

அவர் மனைவி மருந்து வாங்க வெளியே போனார். கன்சீல்டு கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு கையை ஆட்டி என்னை அழைத்தார்.

“கிட்ட வாங்க சார். அருவி வால்வு எங்குட்டு இருக்குன்னு சொல்லிப்புடுறேன்.”

வருஷக்கணக்காகக் கெஞ்சிக் கேட்ட விஷயம். இந்த மனிதர் தானாக வால்வு இருக்கிற இடத்தைச் சொல்கிறார் என்றால், திரும்பி வரமாட்டோம் என்று அவரே முடிவு கட்டிவிட்டார் என்று அர்த்தம்.

“வேணாம்ணே.”

“கேளுங்க சார். யானைக்கு நேரா...”

“சொல்லாதீக!” இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். “எனக்குத் தெரிய வேணாம்! நீங்களே வந்து தொறங்க, நீங்களே வந்து அடைங்க!”

“ஒருவேள ஏதாச்சும் ஆயிருச்சுன்னா...”

“ஆகாது! பேசாம இருங்கண்ணே!”

அந்தச் சத்தத்துக்கு நர்ஸ் ஓடி வந்தார். “நெஞ்சு நோயாளிகிட்ட வந்து கத்துறீங்களே, நீங்க யாரு அவருக்கு?” என்று கேட்டார். “மேனேஜர்” என்றேன்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு திறந்தது. படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைத் தேடினார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“சார், நான் ரிட்டன்!”

கதவு மூடிக்கொண்டது.

அந்த வராந்தாவில் நின்ற நேரத்தை நான் எதிரிக்கும் நினைக்க மாட்டேன். இங்கிலீஷில் கேட்டால் திரும்ப மாட்டேன் என்கிறது. தமிழில் கேட்டால் நான் திரும்பி வருவேன் என்கிறது. ஒரே எழுத்து, ஒரே சத்தம். எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும், விடுதியில் பாதி நேரம் அதில்தான் பேசுகிறேன். அன்றைக்குத் தமிழை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷன் முடிந்தது, ஆனால் கண் விழிக்கவில்லை, பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் ஆச்சி கோட்டையூருக்கு வந்துவிட்டதால் நான் திரும்ப வேண்டியதாயிற்று. ஆச்சி தோட்டத்தில் நின்றார். பம்பை நிறுத்தியிருந்தும், யானையின் தும்பிக்கையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

“மேனேஜர், இத அடைங்க.”

“வால்வு எங்க இருக்குன்னு தெரியாது ஆச்சி. அவரு ஆஸ்பத்திரில இருக்காரு.”

“அப்பச் சுவர இடிச்சுப் பாத்துருங்க. நாளைக்கே ஆள விடுங்க.”

ஆச்சி சொல்லி நான் மறுத்ததே கிடையாது. அன்றைக்கும் ‘சரி ஆச்சி’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“இடிக்க வேணாம் ஆச்சி. அவரு வந்து அடைப்பாரு.”

“வரலேன்னா?”

“வருவாரு!”

கத்திவிட்டேன். சமையல்காரம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். இடித்து, வால்வைக் கண்டுபிடித்துவிட்டால், அவர் திரும்பி வர வேண்டிய காரணமே இல்லாமல் போய்விடும் என்று எனக்கு ஒரு பயம். பைத்தியக்காரத்தனம்தான். ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சரி, வரட்டும்” என்றார். “அதுவரைக்கும் யானைக்குச் சளி பிடிச்சிருக்குன்னு விருந்தாளிகிட்டச் சொல்லுங்க.”

அன்று சாயங்காலம் கன்சீல்டின் மனைவி போன் செய்தார். எடுக்கப் பயந்துபோய், போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் கேட்டுவிட்டு என் காதில் வைத்தாள்.

“கண்ணு முழிச்சுட்டாக சார். பேச முடியல, தாள்ல எழுதிக் காட்டுனாக. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாக. ‘இருக்கேன்’னு சொல்லச் சொன்னாக.”

நான் அழுதேன். மனைவி முந்தானையைக் கொடுத்தாள்.

உடம்பு தேறி அவர் வந்து இறங்கியபோது, மொபெட்டை மனைவி ஓட்டினார், இவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார். மணிக்கட்டில் டேப் ஏறியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு வெட்கம்.

“இங்க காத வையுங்க சார்” என்று நெஞ்சைக் காட்டினார்.

வைத்தேன். டிக், டிக் என்று கைக்கடிகாரம் மாதிரி கேட்டது. காதை எடுத்த பிறகும் கேட்டது.

“இரும்பு வால்வு சார். வெளிய வரைக்கும் சத்தம் கேக்குது. இது கன்சீல்டே இல்ல. ஊருக்குள்ள எப்படி சார் தல நிமிந்து நடப்பேன்?”

“யாருக்கும் கேக்கலண்ணே” என்று சொல்லிவிட்டு, அவர் கேட்காமலே அங்குட்டுத் திரும்பி நின்றேன். ஒரு திருகு. யானையின் ஒழுக்கு நின்றது. தோட்டமே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில், வால்வின் மேல் குனிந்திருந்த அவருடைய நெஞ்சுச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது, இன்ன இடத்திலிருந்து வருகிறது என்று விரலை நீட்டிக் காட்டிவிடுகிற அளவுக்கு.

ஆகவே, அருவி வால்வு எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். தொட்டி வால்வும் அடுத்த முறை அதே சத்தத்தில் தெரிந்துவிட்டது. அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். இன்றைக்கும் அவர் வந்தால் நான் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறேன். அவர் இல்லாமலே இனி என்னால் தண்ணீரை நிறுத்திவிட முடியும். ஆனாலும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போனை எடுக்கிறேன். மணி அடித்து அவர் எடுக்கிற வரையில் எனக்கு மூச்சு ஓடுவதில்லை.

“இருக்கீகளா?”

“இருக்கேன் சார்.”